மெலாவத்தி மலையும் என் இரண்டு வாழைப்பழங்களும்

இன்று காலை கோலசிலாங்கூர் மெலாவத்தி மலையை வென்றேன். எவரெஸ்ட் எல்லாம் அதற்குத் தம்பிதான்.

அடிவாரத்தில் காரில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நீங்களே ஏறி நீங்களே எறங்கணும். கால் வலிக்குது, காடிய கொண்டு வான்னு போன் அடிச்சீங்கன்னா, தஞ்சோங் காராங் ஓட்டப்பந்தயத்த மறந்துடுங்க லா."

ஏறிவிட்டேன். உச்சியில் தொடை இரண்டும் கருங்கல் ஆகிவிட்டன. கவலையே இல்லை. தசை தேற வாழைப்பழம் இரண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய இளநீர் எல்லாம் கொண்டுபோயிருந்தேன்.

தோள்பையைத் திறந்ததும் ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. என் கைப்பேசியும் உள்ளே!

"டேய், பழத்த நீயே வச்சுக்கடா! போன குடுடா!"

நான் கத்தியது கடல் தாண்டி சுமத்ராவில் கேட்டிருக்கும்.

அது மலையிறங்கி ஓட, நான் துரத்தி ஓட, அடிவாரத்தில் அது நின்று பழத்தைத் தின்று, இளநீரையும் கடித்துக் குடித்துவிட்டு, பையை வீசி மரமேறிவிட்டது. பையை எடுத்து நிமிர்ந்தால், எதிரே எங்கள் கார்.

"என்னாங்க, ஓடியே வந்துட்டீங்க! வாழப்பழமும் எளநியும் இப்படி வேல செய்யுதா?"

"பிரமாதமா வேல செய்யுது," என்றேன். பொய்யில்லை, குரங்கு மரத்தில் தாவிக்கொண்டிருந்தது.

பந்தயத்துக்கு அவளே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். சமையலறையில் ஒரு தார் வாழைப்பழம் தொங்குகிறது.

தஞ்சோங் காராங் வயல் பக்கம் குரங்கு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவசரம்.