தங்கம்தான் என்றார்

எங்கள் நகைக்கடையில் தங்கத்தைச் சோதித்துச் சொல்கிறவரை எல்லோரும் உரைகல் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் திரும்பிப் பார்ப்பார். பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் நான் பில் போடுகிறேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து இதமாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

நகையைக் கறுப்புக் கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம். தங்கமென்றால் கோடு நிற்கும், இல்லையென்றால் கரைந்துவிடும். மெஷின் வந்த பிறகும் கல்லை விடவில்லை. "மெஷினுக்கு மேல்பூச்சுதான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கென்ன கவலை?" என்பார். வருகிறவர்களுக்குத் திட்டும் இலவசம். "சென்ட் அடிச்சுட்டு அப்புறமா நகையப் போடுங்க. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டாதீங்க, ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயும்."

கல்யாணம் ஆகவில்லை. தையல்கடைக்கு மேலே ஒற்றை அறை. காய்ச்சலில் படுத்திருந்தபோது மாத்திரை கொடுக்கப் போனேன். இருந்தது ஒரே நாற்காலி. நான் உட்கார்ந்ததும் காய்ச்சல்காரர் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவர் இப்படித் தனிமரமானதற்கு அவருடைய வாய்தான் காரணம். ஒரு விருந்தில் அவருடைய அண்ணி தன் புது வளையலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். இவர் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "பதினெட்டு கேரட்தான் அண்ணி. இருபத்திரண்டுன்னு எவன் சொன்னான்?" என்றார். சொன்னவர் அண்ணியின் சொந்தத் தம்பி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றோடு அண்ணன் வீட்டு வாசல் மூடிவிட்டது. மற்ற சொந்தங்களும் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே தங்கை. மாதம் ஒருமுறை கடைக்கு வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவாள். அன்று மட்டும் இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வருவார்.

போன மாதம் ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில் அவள் வந்தாள். கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது கழுத்தெல்லாம் கறுக்குதுண்ணா. கொக்கி விட்டுப்போச்சுன்னு அவர்தான் எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிட்டு வந்தாரு. அதுக்கப்புறம்தான் இப்படி."

அவளுடைய கல்யாணத்துக்கு இவரே எங்கள் கடையில் பொறுக்கி எடுத்த சங்கிலி அது. அதே மாதிரி செய்த வேறொன்றுதான் இப்போது மேசையில் கிடந்தது. கொக்கியின் உள்பக்கம் பூச்சு தேய்ந்து பித்தளையின் வெளிறிய நிறம் தெரிந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாதா? அவர் கட்டைவிரல் அந்த இடத்தில் வந்து நின்றது. போச்சு, போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கல்லை எடுக்கவில்லை.

"வேர்வைம்மா. சுத்தத் தங்கம் கறுக்காது. நகைன்னா கொஞ்சம் செம்பு சேர்த்துத்தான் செய்வாங்க, அதுதான் கறுக்கும். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு ஊற வை. பழைய பிரஷ்ஷால மெதுவாத் தேய்ச்சு, பருத்தித் துணியில ஈரம் போகத் துடை."

"உரசிப் பாக்கலையா?"

"எதுக்கு? தங்கம்தான்."

உண்மையைச் சொல்லி அண்ணனை இழந்த மனிதர், தங்கையையும் இழந்துவிடக் கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்கிறார். பரவாயில்லையே, மனிதர் திருந்திவிட்டார் என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் சங்கிலியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொக்கி மாட்ட வெகுநேரம் ஆயிற்று.

"ஏற்கெனவே ரெண்டு கடையில காட்டிட்டேண்ணா. ரெண்டு பேருமே பித்தளைன்னுட்டாங்க. வித்துட்டு இதக் கொடுத்திருக்காரு. கேட்டா கை நீட்டுறாரு."

அவர் கை கல் பக்கம் போனது.

"நீ பொய் சொல்ல மாட்ட. நீயும் பித்தளைன்னு சொன்னா, உன்கூடவே வந்து இருந்துடலாம்னு துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன்." கண்ணாடிக் கதவுக்கு அருகே பெரிய பை ஒன்று இருந்தது. "உனக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சும் தங்கம்னு சொல்றேன்னா, அவர்கூடவே இருந்துக்கோன்னுதானே அர்த்தம்? பரவால்லண்ணா. உனக்கும் இருக்கிறது ஒரே ரூம்."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பூட்டாத நகைப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கடைக்குள் போடக் கூடாதென்று கழற்றி வைத்த செருப்பையும் மறந்து தெருவில் ஓடினார்.

கால் மணி நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். பாதம் முழுக்கப் புழுதி. அவராகவே சொன்னார்.

"பஸ் ஏறிட்டா. ஜன்னல்கிட்ட நின்னு, பித்தளைதாம்மா, இறங்கி வான்னு கத்தினேன். பஸ்ஸுல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ மட்டும் பாக்கல."