பிரேக் பிடித்தால் வரும் நாற்றம்

நேர் வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தால் போதும், வண்டியின் பின்பக்கமிருந்து ஒரு நாற்றம் எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கும். ஜன்னலைத் திறப்பேன். திறந்து ஓடினால் இன்னும் கூடும். ஏன் கூடுகிறது என்று யோசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. விளக்கு பச்சையானதும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அந்த வசந்தம் முழுக்க என் வீடு இப்படித்தான் நாறியது. வீடு என்பது ஒரு பழைய காம்பர் வான். ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, இரண்டு கோப்பை வைத்தால் நிரம்பிவிடும் கழுவுதொட்டி, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் கழிப்பறை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எங்கேயும் நிலைத்து நின்றதில்லை. இந்த நாட்டுக்கு வந்தும் அப்படித்தான். பனிக்காலத்தில் மலை ஹோட்டல்களில் கோப்பை கழுவினேன், கோடையில் மரக்கறித் தோட்டங்களில் குனிந்து நின்றேன். அறை எடுத்துத் தங்கினால் கொஞ்ச நாளில் சுவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அதனால்தான் சக்கரம் வைத்த வீடு.

நாற்றம் எனக்குப் புதிதல்ல. லொறியின் தார்ப்பாய்க்குக் கீழே பலபேரோடு கிடந்து எல்லை கடந்தவன். அகதி முகாமில் ஈரச் சப்பாத்துகள் நிறைந்த அறையில் நிம்மதியாகத் தூங்கியவன். எனக்கு மட்டும் என்றால் இதையும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் இருக்கிறார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுக்கையோடு கிடப்பவர்களைக் கழுவி, உடை மாற்றி, விரிப்பு மாற்றுவார். அத்தான் இறந்த பிறகு அவர் தன் வீட்டைவிட்டு ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. வேலை, வீடு, இழுத்துவிட்ட ஜன்னல் திரை. ஒவ்வொரு கோடையும் நான் கூப்பிடுவேன், "பாப்பம்" என்பார். அந்த வருடம் என்னவோ மனம் மாறிவிட்டது.

"ஓம், வாறன்," என்றார் போனில். "ஜூனில லீவு எடுத்திருக்கிறன். அந்த ஃபுர்கா மலைப் பாதையால என்னைக் கொண்டு போ. எல்லாரும் போய் நிண்டு படம் போடுகினம். நான் இத்தனை வருசமா ரயில் ஜன்னலால மட்டும்தான் மலை பாத்தனான்."

"கட்டாயம் போவம், அக்கா."

"ஆனா ஒண்டு. மணம் வரக்கூடாது. வருசம் முழுக்க மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யிறன். லீவிலயும் அதுதான் எண்டா முதல் ஸ்டேஷனில இறங்கி ரயில் எடுத்திடுவன்."

"என்ர வண்டி மணக்குது எண்டு ஆர் சொன்னது?"

"உன்ர மருமகள்தான். ஈஸ்டருக்கு வந்து நிண்டனியெல்லோ. நீ போனாப் பிறகும் 'சா பூ, சா பூ' எண்டு மூக்கைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவள்."

அக்காவின் மகள் இங்கே பிறந்தவள். நாறுகிறது என்பதைப் பிரெஞ்சில்தான் சொல்வாள்.

இறங்குவேன் என்றால் அக்கா இறங்குவார். அது எனக்குத் தெரியும். ஒருமுறை இறங்கிப்போனால் பிறகு ஒருநாளும் ஏறமாட்டார். வீட்டுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுவிடுவார். நான் தனியாகத் திரிந்து பழகியவன், எனக்கு ஒன்றும் ஆகாது. அக்காவுக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி நாறினால் யாரும் முதலில் கழிப்பறையைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் சந்தேகித்தேன். அதற்குக் கீழே பெட்டிபோல இழுத்தெடுக்கும் ஒரு மலத்தாங்கி இருக்கிறது. அதைக் கழற்றி வினாகிரி ஊற்றிக் குலுக்கினேன், வெயிலில் காயவைத்தேன். அதற்குள் விடும் நீல மருந்தை இரண்டு மடங்காக விட்டேன். வண்டிக்குள் ஆஸ்பத்திரி மணமும் வந்தது, பழைய நாற்றமும் போகவில்லை. தாங்கியின் வாயை மூடும் தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து காற்றை விடுகிறது, எண்ணெய் பூசிப் பார் என்று காம்பர் வண்டிகள் நிற்கும் திடலில் ஒருவன் சொன்னான். என்னிடம் இருந்தது தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். அதைப் பூசினேன். தகடு வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த நாள் காலையில் லொசானுக்கு மேலே காட்டோரம் நல்ல குளிர். எண்ணெய் மெழுகுதிரிபோல இறுகித் தகடு பாதித் திறப்பில் நின்றுவிட்டது. தினமும் தலைக்கு வைக்கிறபோது அந்தப் போத்தலைச் சுடுதண்ணீரில் போட்டு உருக்குகிறவன் நான். இருந்தும் அது நினைவுக்கு வரவில்லை. கரண்டியைச் சூடாக்கிச் சுரண்டி எடுத்தேன். கடைசியாக ஊதுபத்தி கொளுத்தினேன். காஸ் கசிவு காட்டும் கருவி அலறத் தொடங்கியது. அதை நிறுத்துவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அதோடு அக்காவின் லீவு வந்துவிட்டது.

அவர் ஒரு கைப்பை, ஒரு உடுப்புப் பை, கயிறு போட்டுக் கட்டிய ஒரு சாமான் பையோடு கீழே இறங்கி வந்தார். மகள் வழியனுப்ப வந்தாள்.

"மாமா, அம்மாவுக்கு மாஸ்க் குடுத்து விடட்டோ?"

"முதல்ல உன்ர வாய்க்குப் போடு."

அக்கா முன் இருக்கையில் ஏறிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். காலில் இறுக்கிக் கட்டிய சப்பாத்து. ரயிலுக்குக் காத்திருக்கிறவர் வாங்கிலில் உட்கார்வதுபோல உட்கார்ந்தார். நான் விளக்குகளைத் தூரத்திலேயே பார்த்து, காலை எடுத்து, மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வந்துவிட்டது.

நான் ஜன்னலைத் திறந்தேன்.

"அதைப் பூட்டு. திறக்கத் திறக்கக் கூடுது." கொஞ்சத் தூரம் போனபின் கேட்டார், "அடுத்த ஸ்டேஷன் எது?"

"இவெர்டோன்."

"அதில நிப்பாட்டு."

நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடும்போல இருந்தது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினார். ஆனால் தன் பக்கக் கதவைத் திறக்காமல் எழுந்து பின்னுக்குப் போனார். கழிப்பறைக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். பிறகு கழுவுதொட்டிக்கு மேல் குனிந்தார்.

"இஞ்ச வா."

போனேன்.

"கக்கூஸ் பளிச்செண்டு கிடக்கு. எங்கட இல்லத்தில கூட இப்பிடி இல்லை. நாத்தம் அதில இல்லை. இதில மூக்கை வை."

தண்ணீர் போகும் துளையில் மூக்கை வைத்தேன். உடனே தலையை எடுத்தேன்.

"என்ன தெரியுது?"

"நாறுது."

"சொதியடா. ஊசின சொதி. உனக்கு மூக்கும் இல்லையோ?"

உண்மைதான். அதற்கு முந்தின பனிக்காலம் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு பட்டறையின் முற்றத்தில் வண்டியை விட்டுவிட்டுத் துப்புரவு வேலைக்குப் போனேன். சமையல் வண்டிக்குள்ளேதான். குளிருக்குச் சுலபமான சாப்பாடு சோறும் தேங்காய்ப் பால் சொதியும். சட்டியைத் தொட்டியில் கழுவினால் தண்ணீர் வண்டிக்கு அடியில் இருக்கும் கழிவுநீர்த் தாங்கிக்குப் போகும். அது உறைந்துவிடாமல் இருக்க வாயைத் திறந்து ஒரு வாளிக்குள் ஒழுகவிட்டிருந்தேன். தண்ணீர் ஒழுகியது. தேங்காய்க் கொழுப்பு குளிரில் இறுகித் தாங்கியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. பனிக்காலம் முழுக்க அது நாறவில்லை. வெயில் வந்ததும் தொடங்கியது. ஹோட்டல்களில் கொழுப்பைப் பிடித்துவைக்கும் தொட்டியை மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளிக் கழுவியவன் நான். என் வீட்டுக்குக் கீழேயும் அதே கொழுப்பு கிடக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"இப்ப என்ன, அக்கா? இறங்கப் போறீங்களோ?"

"அடுத்த ரயில் எப்ப?"

"அடிக்கடி இருக்கு."

"அப்ப ரயில் எங்கயும் போகாது. தண்ணியைச் சுட வை."

ஏரிக்குப் போகும் வழியில் கடையில் உடுப்புத் தோய்க்கும் சோடா வாங்கினோம். கோப்பை கழுவும் சோப் வண்டியில் இருந்தது. ஏரிப்பக்கம் காம்பர் வண்டிகள் கழிவுநீரை இறக்கும் இடத்தில் நிறுத்தினேன். அக்கா சாமான் பையிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார். லீவுக்கும் கையுறை கொண்டுவந்திருந்தார்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தாதை, குழாய் இளகிப்போயிடும். கொஞ்சம் ஆறட்டும்."

சோடாவும் சோப்பும் கரைத்த சுடுதண்ணீரைத் தொட்டி வழியாக ஊற்றினோம். அது தாங்கிக்குள் எல்லாப் பக்கமும் அடிபட வேண்டும் என்பதால் வண்டியை எடுத்தேன். பக்கத்தில் ஒரு வட்டச் சந்தி. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"கோயில் சுத்திற மாதிரிக் கிடக்கு," என்றார் அக்கா, பிடியை இறுக்கிப் பிடித்தபடி. "பாக்கிற சனம் இவைக்கு என்ன நேர்த்தியோ எண்டு நினைக்கப் போகுது."

திரும்பி வந்து தாங்கியின் வாயைத் திறந்தேன். முதலில் சாம்பல் தண்ணீர். பிறகு மஞ்சளாக, கட்டி கட்டியாக, பனிக்காலம் முழுவதும் நான் சாப்பிட்ட சொதி. எங்களுக்குப் பின்னால் வெள்ளை வண்டியோடு காத்திருந்த ஒரு கிழவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு அக்காவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னார். கிழவர் பலமாகச் சிரித்தார்.

"என்னவாம்?"

"ரெஸ்டோரண்ட் வைச்சிருக்கிறியளோ எண்டு கேட்டவர். ஓம், ஒரேயொரு வாடிக்கைக்காரன், அவனும் காசு குடுக்கிறேல்லை எண்டு சொன்னனான்."

கிழவருக்கு வழிவிட்டு மறுபடி வரிசையில் நின்றோம். எனக்குக் கால் துறுதுறுத்தது. வந்ததெல்லாம் வந்துவிட்டது, வெயிலும் சாய்கிறது.

"போதும், அக்கா. போவம்."

"உனக்கு எப்பவும் போவம்தான். நாத்தம் போச்சோ எண்டு பாக்காமலே போவம்." அவர் அடுப்பில் அடுத்த பானையை வைத்தார். "ஒரு இடத்தில கொஞ்சம் நில்லடா."

நிற்க முடியாமல் கழுவுதொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தேன். தொட்டியிலிருந்து ஒரு குழாய் நேராகத் தாங்கிக்கு இறங்கியது. வீடுகளில் அந்தக் குழாய் ஒரு வளைவு வளைந்துதான் போகும். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், கீழே இருக்கும் நாற்றத்தை அது மேலே விடாது. என் குழாயில் வளைவே இல்லை. முன்பு இருந்து நழுவிவிட்டதோ தெரியாது. பிரேக் பிடித்தால் தாங்கியில் கிடக்கும் தண்ணீர் முன்னுக்கு அடித்து நாற்றத்தை அதன் வழியே மேலே தள்ளும். ஜன்னலைத் திறந்து ஓடும்போது காற்று வண்டிக்குள் இருப்பதை வெளியே இழுக்கும், அதற்குப் பதிலாக இந்தக் குழாய் தாங்கியில் இருப்பதை உள்ளே அனுப்பும். அத்தனை நாளும் நாற்றத்தை நானே ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கிறேன்.

"அக்கா, கயிறு இருக்கோ?"

சாமான் பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தந்தார். குழாய் ஒடியாமல் வளைத்து, மேலே தூக்கிக் கட்டினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டோம். வளைவில் நின்றது. தாங்கியை இன்னொருமுறை கழுவி இறக்கினோம், இந்த முறை தெளிவாக வந்தது. அவிழ்ந்த பையிலிருந்து தேங்காய்ப் பால் பெட்டிகள் கட்டிலில் சரிந்து கிடந்தன.

"இதுகளை என்ன செய்யிறது, எறியவோ?" என்று கேட்டேன்.

"விசரா உனக்கு? சட்டியைத் தாளால துடைச்சுப்போட்டுத் தொட்டியில வைக்கப் பழகு."

அக்கா மறுபடி முன் இருக்கையில் ஏறினார். கைப்பை மடிக்கு வந்தது. சப்பாத்து காலில்தான் இருந்தது.

"ஸ்டேஷன் பக்கத்தால விடு," என்றார்.

ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு விளக்கு, நான் வரும்போது சிவப்பானது. வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தேன். வண்டி குலுங்கி நின்றது. இருவரும் மூச்சை இழுத்தோம். சோப் மணம், பின்னால் எங்கோ கொஞ்சம் ஊதுபத்தி. மேடையில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

பச்சை விழுந்தது.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? நேர விடு."

ஊரைத் தாண்டி ஏரிக்கரை வீதியில் ஏறினோம். கொஞ்சத் தூரம் போனபின் அக்கா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கழற்றினார். கைப்பையைப் பின்னால் கட்டிலில் எறிந்துவிட்டுக் கால்களை இருக்கையில் மடித்து வைத்துக்கொண்டார். அப்படியே கண் அசந்துவிட்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முன்னும் பின்னும் வண்டி இல்லாத ஒரு நேர் வீதியில் பிரேக்கை மிதித்தேன்.

அக்கா திடுக்கிட்டு விழித்தார்.

"ஏனடா நிப்பாட்டினனீ?"

"வருதோ எண்டு பாத்தனான்."

"வரேல்லை," என்றார் அக்கா, கண்ணை மறுபடி மூடிக்கொண்டு. "எடு வண்டியை."