கோடு விட்டுப்போன ‘மா’

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் துணி மடித்தபடி, சாப்பாட்டு இடைவேளைகளில் தோவா எழுதி முடித்த நாவல் அது. கலிஃபோர்னியாவில் ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. முதல் பக்கத்துக் காணிக்கை மட்டும் அவளுடைய வியட்நாமிய மொழியில் இருந்தது: ‘மாவுக்கு’. படகில் தப்பி வந்தபோது பாதி வழியில் இறந்து, கடலிலேயே இறக்கிவிடப்பட்ட அம்மாவுக்கு.

அவளைப் போலவே வியட்நாமியனான காப்பிக்கடைக்கார லொக் புத்தகத்தைப் பிரித்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். “என்னக்கா, இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதிப் பேய்க்கா குடுத்திருக்கீங்க?”

எழுத்தின் தலைமேல் வரவேண்டிய சின்னக் கோட்டை அச்சுக்காரன் விட்டுவிட்டான். அவர்கள் மொழியில் கோடு இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் பேய். கடையே சிரித்தது. தோவாவும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் அவளுக்கென்று காத்திருக்க யாருமில்லை. ஊதுபத்திக் கிண்ணத்துக்குப் பின்னால் வைக்க அம்மாவின் படம்கூடக் கிடையாது. கோட்டைப் போட்டுவிடலாம் என்று பேனாவின் மூடியைக் கழற்றியவள், திரும்பவும் மூடினாள்.

இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள்.

“அம்மான்னு நாப்பது வருஷமாக் கூப்பிட்டுப் பாத்தாச்சு, நீ வரல. பேய்னு கூப்பிட்டாலாவது வர்றியான்னு பாப்போம்.”