நாற்பத்தோராவது குரல்

இது நடந்தது. போன வருடம், மாசி மாதம், பட்டப்பகலில் நடந்தது. இரவு என்றால் கண் மயக்கம் என்று தள்ளிவிடலாம். ஒருவர் இருவர் கேட்டது என்றால் காதுக் கோளாறு என்று விட்டுவிடலாம். நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். போய்க் கேட்கலாம். விசாரணையோடு சரி, இனி ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

அரியாலைக்கும் கொழும்புத்துறைக்கும் நடுவில், கடலை ஒட்டி ஒரு நண்டுக் கொம்பனி. நண்டை அவித்து, சதை எடுத்து, பேணியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். வேலை செய்பவர்களில் முக்கால்வாசி குருநகர்ப் பெண்கள். ஸ்ரெல்லா அங்கே பதினொரு வருடம் சதை எடுத்தவள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் சரக்கு வேண்டாம் என்று வெளிநாட்டில் இருந்து கடிதம் வந்ததும், மனேச்சர் தியாகராசா அவளைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் அங்கியும் ஒரு பைலும் கையில் கொடுத்தார். இனி நீதான் சேப்டி என்றார். மற்றவர்களுக்கு அது பகிடி, சிரித்தார்கள். ஸ்ரெல்லாவுக்குப் பகிடி இல்லை.

காரணம் ஜெசிதா. தங்கச்சி றஜிதாவின் ஒரே பிள்ளை, இருபத்தொரு வயது. வேலை எடுத்துக் கொடுத்தது ஸ்ரெல்லாதான். பிள்ளைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்ததும் அவள்தான். பிள்ளையைப் போட்டதோ குளிர் அறையில். குளிர் மெசின் அமோனியாவில் ஓடுவது. அந்தக் குழாய் குளிர் அறைக் கதவுக்கு மேலாலேதான் போகிறது. குழாய் வெடித்தால் கதவு வாசலில்தான் காஸ். ஒரு தரம் நன்றாக இழுத்தால் நெஞ்சு வெந்துபோகும்.

அதனால் ஸ்ரெல்லா பிள்ளைக்குத் தனியாகச் சொல்லி வைத்தாள்.

"காஸ் மணந்தா கதவைத் திறந்துகொண்டு ஓடாதை. உள்ளுக்கை நில். உள்மணியை அமத்து. வெளியிலை நான் ஆக்களை எண்ணுவன். ஒராள் குறைஞ்சா, முகமூடி போட்ட ஆள் உன்னட்டை வரும்."

"வராட்டி, பெரியம்மா?"

"நான் எண்ணுறன் எண்டு சொல்லுறனெல்லே."

எண்ணுவதில்தான் முதலில் சிக்கல் வந்தது. விரல் நீட்டித் தலை எண்ணப் பெண்கள் விடவில்லை. கண்ணூறு படும் என்றார்கள். நாங்கள் என்ன ஆடு மாடோ என்று நிரோஜினி முகத்தைத் திருப்பினாள். கடைசியில் கடற்கரை முறைக்கு வந்தார்கள். கரையில் மீன் எண்ணும்போது ஒன்று என்று ஒருவரும் தொடங்குவதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவது. அதுபோல எல்லோரும் வேலி ஓரம் வரிசையாக நிற்க வேண்டும். முதல் ஆள் "லாபம்" என்பாள். அடுத்தவள் "ரெண்டு". அப்படியே அவரவர் வாயால் கடைசி வரைக்கும். ஸ்ரெல்லாவைத் தவிர வேலை செய்வது நாற்பத்தொரு பேர். ஸ்ரெல்லா வரிசைத் தலைப்பில் நின்று காதால் கேட்டுக்கொண்டால் போதும்.

முதல் பயிற்சி தை மாதம் பதினாறாம் திகதி. காலை 10.15. சங்கு ஊதியது. எல்லோரும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நிரோஜினி "லாபம்" என்றாள். குரல் ஒவ்வொன்றாய் வேலி ஓரமாகப் போனது. குளிர் அறை தூரம் என்பதால் ஜெசிதா எப்போதும் கடைசி. "நாப்பத்தொண்டு" என்றாள்.

பிறகு, இன்னொரு குரல்.

"நாப்பத்திரண்டு."

மெதுவான குரல். பெண் குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிதாவுக்குப் பின்னால் முள்ளுக்கம்பி. கம்பிக்கு அப்பால் கடல்.

"அவிச்ச நண்டு ஒண்டு எழும்பி வந்து பேர் குடுக்குது" என்று நிரோஜினி சொல்ல, சிரித்து விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது பயிற்சி இருபத்துமூன்றாம் திகதி. 10.20. மறுபடியும் நாற்பத்திரண்டு. இந்த முறை சிரிப்பு வரவில்லை. எல்லோரும் ஒரே வெள்ளை அங்கி, ஒரே தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய துணி. யார் சொன்னது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்ரெல்லா கண்ணூறைப் பார்க்காமல் விரல் நீட்டி எண்ணினாள். நாற்பத்தொரு தலைதான்.

ஜெசிதா பக்கத்தில் வந்து நின்றாள். பகிடி விடுகிற பிள்ளை, அன்றைக்கு விடவில்லை.

"பெரியம்மா, அது சொல்லேக்கை என்ரை பிடரியிலை குளிர் அடிச்சது. உள்ளுக்கை அடிக்கிற குளிர் மாதிரி."

அன்று பின்னேரம் ஸ்ரெல்லா மனேச்சரிடம் போனாள். இலக்கம் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று கேட்டாள். தியாகராசா பொல்லாத மனிதர் இல்லை. கதிரை போட்டு இருத்தித்தான் கதைத்தார். வெளிநாட்டுக்காரரின் படிவத்தில் மூன்று நிமிடத்துக்குள் ஆள் கணக்கு முடிய வேண்டும் என்று இருக்கிறதாம். பேர் கூப்பிட்டுப் பார்த்தால் நாலரை நிமிடம் போகிறதாம். கடற்கரைச் சுவரில் எதிரொலி வரும், நீ நாற்பத்தொன்று என்று எழுது என்றார்.

அவள் எழுதினாள். கையெழுத்தும் வைத்தாள். பதினொரு வருடத்தில் மனேச்சரிடம் 'இல்லை' என்று ஒரு சொல் அவள் சொன்னதில்லை.

மூன்றாவது பயிற்சி. நாற்பத்திரண்டு.

எழுதியது நாற்பத்தொன்று.

பிறகு மாசி மாதம் பதினான்காம் திகதி வந்தது. அது பயிற்சி இல்லை.

மதியம் 2.17. 'டம்' என்று ஒரு சத்தம். பிறகு ஸ்ஸ்ஸ்... என்று நிற்காத சீறல். கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. சங்கு ஊதியது. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மனேச்சர், கந்தோரில் எழுத்து வேலை செய்கிற பிள்ளைகள், எல்லோரும் வாசலுக்கு.

2.22. வேலி ஓரம் வரிசை. கண்ணீர் வழிந்து ஸ்ரெல்லாவுக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளை அங்கிகள் மட்டும், புகை போல.

மெசின்காரன் கொலின்ஸ் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். முகமூடி கையில். ஒருவர் குறைவு என்றால் உள்ளே போக வேண்டியவன் அவன்.

"லாபம்."

"ரெண்டு."

"மூண்டு..."

குரல்கள் இருமி இருமிப் போயின. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது.

"நாப்பது."

ஒரு சின்ன இடைவெளி.

"நாப்பத்தொண்டு."

ஸ்ரெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த குரலுக்காக. ஐந்து விநாடி. பத்து விநாடி...

வரவில்லை.

இன்றைக்குத்தான் கணக்குச் சரி, மாதாவே, என்று நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"அக்கா, எல்லாரும் வந்திட்டினமோ?" என்று கொலின்ஸ் கேட்டான்.

"ஓம். நாப்பத்தொண்டு."

அவன் சிலிண்டரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

2.40. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஸ்ரெல்லா ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டும். முகத்துணிகளை எல்லோரும் கழற்றியிருந்தார்கள்.

கடைசியில் நின்றது நாற்பது சொன்ன பிரியந்தினி.

"ஜெசிதா எங்கை?"

"எனக்குப் பின்னாலை நிண்டவள், அக்கா."

"நீ பாத்தனியோ?"

"இல்லை... கேட்டனான்."

கொலின்ஸ் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினான்.

2.52க்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கதவுக்குக் கீழாலே காஸ் உள்ளே இறங்கியிருந்தது. ஸ்ரெல்லா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையில் பிறகு அவளுக்குச் சூடு ஏறவில்லை.

விசாரணை பங்குனியில் நடந்தது. கொம்பனி அறையில் ஒரு மேசை. அதிகாரி, தியாகராசா, ஸ்ரெல்லா. பிள்ளையின் தாய் றஜிதா ஒரு மூலையில் இருந்தாள். அன்று தொடக்கம் தமக்கையோடு கதைக்காதவள்.

அதிகாரி முதலில் ஒரு தாளை வாசித்தார். குளிர் அறை உள்மணியின் பதிவு. மணி அடிப்பது மனேச்சரின் கந்தோரில். அன்றைக்கு அங்கே ஆள் இல்லை. ஆனால் கொம்பியூட்டர் எல்லாவற்றையும் பதிந்திருந்தது. முதல் அமத்தல் 2.19. கடைசி அமத்தல் 2.31. மொத்தம் அறுபத்துமூன்று தரம்.

ஆள் கணக்கு எடுத்தது 2.23.

நாற்பது பெண்களும் ஒரே மாதிரித்தான் சாட்சி சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொன்று என்ற குரல் வரிசையின் கடைசியில் இருந்துதான் வந்தது. சத்தியம்.

அப்போது அதிகாரி தன் கொம்பியூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். வாசல் காவலாளி அன்றைக்குப் போனில் எடுத்த வீடியோ. ஸ்ரெல்லாவுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

படத்தில் வேலி. வரிசை. தலைப்பில் மஞ்சள் அங்கியோடு ஸ்ரெல்லா, முகம் காமராவுக்கு நேரே, துணி இல்லாமல்.

லாபம். ரெண்டு. மூண்டு...

நாப்பது.

பிரியந்தினிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. முள்ளுக்கம்பி மட்டும்.

இடைவெளி.

பிறகு ஸ்ரெல்லாவின் உதடு அசைந்தது.

"நாப்பத்தொண்டு."

அதிகாரி பின்னுக்கு இழுத்து இன்னொரு தரம் போட்டார். அதே உதடு. அதே சொல். பக்கத்தில் கொலின்ஸ், கேட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியைப் பார்க்கிறான்.

நான் வாய் திறக்கவில்லை என்று சொல்ல ஸ்ரெல்லா நினைத்தாள். திரையில் தன் வாயையே பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் சுருட்டுப் புகை குடித்த வீட்டுக்காரனோடு கத்திக் கத்தித் தடித்துப்போன குரல். படத்தில் அவள் வாயால் வந்தது மெல்லிய குரல். சின்னப் பிள்ளையின் குரல்.

மூலையில் இருந்து றஜிதா எழும்பி வந்தாள். திரைக்குக் கிட்டக் குனிந்தாள். மூன்றாம் தரம் போடச் சொன்னாள். கேட்டாள்.

"அக்கா" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தரம்.

"உது என்ரை பிள்ளையின்ரை குரல்."

படத்தின் மூலையில் நேரம் இருந்தது. 2.23.

அந்த நேரம் ஜெசிதா உள்ளே உயிரோடு இருந்தாள்.