பையைக் கட்டிவிட்டு வந்த பெண்

வங்காளத்தில், பெஹாலாவில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் நான் கவுன்சிலர். கவுன்சிலிங் ரூம் என்று ஒன்று உண்டு. அங்கே எந்தப் பெண்ணும் வாய் திறந்ததில்லை. எதிரே உட்கார்ந்து 'சொல்லும்மா' என்றால் யாருக்குத்தான் சொல்ல வரும்? கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். அதனால் குளிர்காலத்தில் கச்சூரிப் பூரிக்குள் வைக்கப் பட்டாணி உரிக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன். பாதிப் பட்டாணி எங்கள் வாய்க்குள் போய்விடுகிறது என்று சமையற்காரிக்கு என்மேல் கோபம்.

போன குளிர்காலத்தில் அப்படி ஒரு மதியம் ரூபா வந்தாள். பதினாறு வயது. எல்லாரையும் போல என்னை மாஷி, அதாவது சித்தி, என்பாள்; தமிழ்க்காரியான என் வங்காளத்தைக் கேலி செய்வது அவள் பொழுதுபோக்கு. நான் இதே ஊரில் பிறந்தவள் என்றால் நம்பவே மாட்டாள். அன்று கேலி இல்லை. தோளில் ஒரு துணிப்பை. எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் தங்கை ஜூமாவைக் காணோம்.

“மாஷி, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

இந்த இடத்தில் 'சரி' என்று சொல்லத்தான் மனசு அடித்துக்கொள்ளும். சொல்லக் கூடாது.

“அது என்னால முடியாதுடி. யாராவது உனக்குக் கெடுதல் பண்ணியிருந்தா நான் சொல்லியே ஆகணும். ஆனா யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்.”

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு சொன்னாள். மாலையில் கணக்கு சொல்லித்தர வரும் மாஸ்டர், மற்றவர்களை அனுப்பிவிட்டு இவளை மட்டும் நிறுத்திவைப்பாராம். அதற்குமேல் சொன்னது அவளுடையது, இங்கே எழுத மாட்டேன். நான் குறுக்கே கேள்வி கேட்கவில்லை. நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை என்று மட்டும் சொன்னேன்.

“பை எதுக்கு?”

“என்னை வேற ஹோமுக்கு அனுப்பிடுவீங்கல்ல? முன்னே ஒரு அக்கா சொன்னப்ப அவளைத்தானே அனுப்பினாங்க. ஜூமா அழுவாளேன்னுதான் இவ்வளவு நாள் சொல்லல.”

யாருக்கு போன் செய்யப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு சூப்பரின்டென்டன்ட் மிதாதியிடம் போனேன். நல்ல மனுஷி. கேட்டதும் கண் கலங்கிவிட்டார்.

“பாவம் பொண்ணு. சால்ட் லேக் ஹோம்ல இடம் இருக்கு ஜெயா. இன்னிக்கே அனுப்பிடலாம். அவ பாதுகாப்புக்குத்தான்.”

“தப்பு பண்ணினது அவளா மிதாதி? அந்த ஆளை கேட்டுக்குள்ள விடாம இருந்தா போதாதா?”

“ரொம்ப நாளா வர்றவர். விசாரிக்காம எப்படி?”

“விசாரிக்கறது போலீஸ் வேலை. நம்ம வேலை போன் பண்றது.”

என்னை முறைத்துக்கொண்டே அவரே போலீசுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போன் செய்தார். மாஸ்டரை உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் சொல்ல அவரே இறங்கிப் போனார். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ரூபாவைக் குழுவிடம் அழைத்துப்போனேன். அங்கே இருந்த அம்மா அவளிடம், “நீ எங்கம்மா இருக்க ஆசைப்படற?” என்று கேட்டார்.

“ஜூமா எங்கயோ அங்க.”

அப்படியே உத்தரவானது. கேஸ் இன்னும் நடக்கிறது. திரும்பும்போது ஆட்டோவில் ரூபா சொன்னாள்: “மாஷி, அந்தம்மாகிட்ட நீங்க பேசின வங்காளம் ரொம்ப மோசம்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். முன்னால் சொன்னவளுக்கு என்ன ஆனது என்று பார்த்துத்தான் அடுத்தவள் வாய் திறக்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் இன்னொரு சின்னப்பெண் வந்து நின்றாள். “மாஷி, ஒண்ணு சொல்லணும்.” முதலில் அவள் தோளைத்தான் பார்த்தேன். பை இல்லை. ரூபா நகர்ந்து இடம் விட்டு, பட்டாணிக் கூடையை அவள் பக்கம் தள்ளினாள்.

“உக்காரு. உரிச்சுக்கிட்டே சொல்லு.”