லாடத்தில் எந்த ஆணி

ரயில்வே வேலைநிறுத்தம் நடந்த கோடை அது. 1974, மே மாதம். எங்கள் குதிரைக்கு லாடம் அடிப்பவர் பொள்ளாச்சியிலிருந்து ரயிலில் வருகிறவர். முதலமடை ஸ்டேஷனில் இறங்கி, இரும்புச் சாமான்கள் நிறைந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு நடந்தே வந்துவிடுவார். அந்த மாதம் ரயிலும் வரவில்லை, அவரும் வரவில்லை. நாட்களை ஏதாவது ஒன்றோடு முடிந்துவைத்துக்கொள்வது என் பழக்கம். இந்த நாளை ரயில் இல்லாத தண்டவாளத்தோடு முடிந்துவைத்திருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவே அப்பா குதிரை வண்டி ஓட்டினார். அதற்கு முன்பு பல வருடங்கள் காளை வண்டி. குதிரை செம்பழுப்பு நிறப் பெட்டை, அப்போது நிறைசினை. வண்டியில் பூட்டுவதை நிறுத்தியிருந்தோம். ஆனாலும் இடது முன்னங்கால் லாடம் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் அப்பா சந்தையில் மாடுகளுக்கு லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்து புதிது அடிக்கச் செய்தார். மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். மெல்லிய தகடு, குட்டை ஆணி. குதிரைக்கு ஒரே வளையம், நீள ஆணி. ஆணி குளம்பின் ஓட்டுக்குள் ஏறி வெளிப்பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். அந்த முனையை வெட்டி மடக்கிவிடுவார்கள். உள்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறினால் உயிர்ச்சதையில் குத்தும்.

மறுநாளே குதிரை நொண்டியது. அதற்கடுத்த நாள் அந்தக் காலை ஊன்றவே இல்லை. குளம்பின்மேல் கை வைத்தால் அடுப்பங்கல்லைப் போலச் சுட்டது.

நான் அப்போது சித்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அன்று லீவு போட்டுவிட்டு, சைக்கிளில் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விடுப்பில் இருந்தார். கம்பவுண்டர் ஒரு புட்டி டிங்சர் கொடுத்து, "ஆணியை இன்னிக்கே எடுத்துப்போடுங்க. சீழ் மேல ஏறுச்சுன்னா குளம்பே கழண்டுரும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. சினைங்கறீங்க, கவுறு கட்டிச் சாய்க்க மட்டும் சாய்ச்சுப்போடாதீங்க" என்றார்.

திரும்பி வந்தபோது வாசலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வடக்கயிறு ஒரு சுருளோடு நின்றிருந்தார். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு லாடம் அடிப்பது என்றாலும் எடுப்பது என்றாலும் முதல் வேலை மாட்டைச் சாய்ப்பதுதான். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் தலையில் உட்கார்ந்துகொள்வார்.

"ஏனுங் மாமா, நாலு ஆளு போதுமுங்க. ஒரே இழுப்புல சாஞ்சுக்கும்" என்றார் அப்பாவிடம்.

அம்மா குதிரையின் கழுத்தோரம் நின்றிருந்தாள். "உங்களை மொதல்ல சாய்ச்சுப் பாக்கறனுங்க. வயித்துல குட்டிய வெச்சுட்டு எப்படி விழுகறதுன்னு நீங்க காட்டுங்க, அப்புறம் அவ விழுவா."

அவர் சிரித்தார். ஆனால் கயிற்றைக் கீழே வைக்கவில்லை. "இருக்கட்டுமுங்க அக்கா. கடேசியில இதுதான் வேணும்பீங்க."

கடைசியில் அதுதான் வேண்டியிருக்குமோ என்று எனக்கும் பயமாக இருந்தது. நின்றபடியே எடுக்க வேண்டும் என்றால் எதைக்கொண்டு எடுப்பது? பக்கத்துத் தோட்டத்துக்காரர் கயிற்றோடு கொண்டுவந்திருந்த பெரிய குறட்டை முதலில் வைத்துப் பார்த்தேன். ஆணித்தலைகள் லாடத்தின் பள்ளத்துக்குள் அமிழ்ந்திருந்தன. குறட்டின் வாய் தடிமன், பள்ளத்துக்குள் இறங்கவில்லை. லாடத்தையே நெம்பினால் முழுதும் கழன்றுவிடும்தான். ஆனால் நெம்பும்போது இரும்பு எங்கே அழுந்தும்? வலிக்கிற இடத்தில். ஒரு தடவை மெல்ல அழுத்தியதற்கே குதிரையின் உடம்பு முழுக்க நடுங்கியது. தச்சரின் பிளந்த சுத்தியும் நெம்புகிற சாமான்தான். சைக்கிளோடு வைத்திருந்த கட்டிங் பிளேயர் நுனியில் பிடித்தது, இழுத்ததும் வழுக்கியது. ஆணித்தலையின் ஓரம் மழுங்கியதுதான் மிச்சம். இன்னும் இரண்டு முறை வழுக்கினால் பிடிக்கத் தலையே இருக்காது.

ஒடுங்கிய வாய், உள்பக்கம் கூர், நீளக் கைப்பிடி. இப்படி ஒன்றை எங்கே பார்த்திருக்கிறேன் என்று நின்று யோசித்தேன். பிறகு என் செருப்பைப் பார்த்தேன். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அதற்கு ஆணி மாற்றியவர் கையில் இருந்தது.

அவர் மரத்தடியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "குதிரைக்காலா? கூட்டிட்டு வாங்க, பாலீஷும் போட்டுத் தாறேன்" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்து அந்தச் சின்னக் குறட்டை எடுத்துத் துடைத்தார். "தொழில் சாமானுங்க. ஒத்தச் செருப்பை இங்க உட்டுட்டுப் போங்க. அப்பத்தான் திரும்பி வருவீங்க."

ஒரு கால் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகச் சைக்கிளை மிதித்தேன். மிதிகட்டையின் இரும்பு உள்ளங்காலைச் சுட்டது. வழியில் ரயில்வே கேட் திறந்தே கிடந்தது. எனக்குள் ஓடியதெல்லாம் ஒரே கேள்வி: எந்த ஆணி?

அதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சுத்தியால் ஒவ்வொரு ஆணித்தலையையும் மெல்லத் தட்ட வேண்டும். குத்தியிருக்கிற ஆணியைத் தட்டும்போது குதிரை காட்டிக்கொடுக்கும். அப்பா குனிந்து காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். அம்மா தலைப்பக்கம், கையில் கருப்பட்டித் துண்டோடு. சும்மா நிற்க மனமில்லாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பின்னால் போய் உதவிக்கு நின்றார். தட்டினேன். முதல் ஆணிக்குச் சும்மா இருந்தது. இரண்டாவதுக்கு வெடுக்கென்று காலை இழுத்தது. மறுபடி தட்டினேன், மறுபடி இழுத்தது.

"அதேதான்" என்றார் அப்பா.

வெளிப்பக்கம் மடங்கியிருந்த முனையை அரத்தால் ராவினேன். மடக்கு இருக்க இழுத்தால் குளம்பின் ஓடு பிய்ந்துவிடும். ராவி முடித்துச் சின்னக் குறட்டைப் பள்ளத்துக்குள் இறக்கினேன். பிடித்தது. ஆட்டாமல், ஆணி ஏறிய சாய்விலேயே இழுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

கையில் வைத்துப் பார்த்தோம். பளபளவென்று, காய்ந்து, சுத்தமாக இருந்தது. ஆணி போன துளையில் ஈரம் இல்லை. நல்ல ஆணியைப் பிடுங்கியிருந்தேன்.

அப்பாவின் முகத்திலிருந்து வியர்வை லாடத்தின்மேல் சொட்டியது. குதிரை களைத்து அவர்மேலேயே பாரத்தைச் சாய்க்க ஆரம்பித்திருந்தது. இன்னும் எத்தனை ஆணிகளைத் தப்பாகப் பிடுங்குவேன், அதுவரை அது மூன்று காலில் நிற்குமா, தானே விழுந்துவிட்டால்? கயிறே மேலோ என்று வாய்வரை வந்துவிட்டது.

அப்போது அம்மா கத்தினாள். "ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க? வாலை உடுங்க!"

பக்கத்துத் தோட்டத்துக்காரர் குதிரையின் வாலை முறுக்கிப் பிடித்திருந்தார். முரண்டும் காளைக்கு அப்படித்தான் பிடிப்பார்கள். அவர் கை தானாகவே போயிருக்கிறது. இரண்டாவது ஆணியிலிருந்து, நான் தட்டும்போதெல்லாம் எச்சரிக்கையாக ஒரு இறுக்கு இறுக்கியிருக்கிறார். குதிரை காலை இழுத்தது வாலுக்கு.

"மாடு திமிறாம இருக்கட்டும்னு புடிச்சனுங்க அக்கா."

"அது மாடா? அக்கட்டப் போயி நில்லுங்க. கையக் கட்டிட்டு நில்லுங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். மறுபடி முதலிலிருந்து தட்டினேன். இந்தத் தடவை வெடுக்கென்று எதுவும் நடக்கவில்லை. குதிகால் பக்கம் இருந்த கடைசி ஆணியைத் தொட்டபோது குதிரையின் காதுகள் பின்னால் படிந்தன. கருப்பட்டி மெல்லுவதை நிறுத்தியது. அவ்வளவுதான். தலைப்பக்கம் நின்ற அம்மாதான் அதைப் பார்த்துச் சொன்னாள்.

ராவினேன். இறக்கினேன். வழுக்கப்போகிறது, தலை முறிந்து முனை உள்ளேயே தங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன். ஆணி பாதிவரை வெள்ளையாக வந்தது, அதற்குமேல் கறுப்பாக. பின்னாலேயே சாம்பல் நிறத் தண்ணீரும் நாற்றமும். டிங்சரை ஊற்றியதும் குதிரை அப்பாவை ஒரே உதறில் தள்ளிவிட்டது.

அப்பா எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை முதலில் குளம்பின் நுனியை மட்டும் மண்ணில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு முழுதாக ஊன்றியது.

"உங்க கவுத்தை எடுத்துட்டுப் போங்க" என்றாள் அம்மா. அவர் சுருட்டத் தொடங்கியதும், "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே குறட்டைக் கொடுத்துச் செருப்பை வாங்கிவந்தேன். பயம் அதோடு போகவில்லை. குதிரை படுத்தாலும் பயம், படுக்காவிட்டாலும் பயம். வைகாசியில், ரயில்கள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு விடிகாலையில் அது குட்டி போட்டது. எல்லோரும் குட்டி மூச்சு விடுகிறதா என்று மூக்கைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். பிறந்த குட்டியின் குளம்பு அடியில் இளநீர் வழுக்கையைப் போல வெளுத்து, மெத்தென்று தொங்கும் என்பது எனக்குத் தெரியாது. இதற்கும் ஏதோ ஆகிவிட்டது என்று அலறிவிட்டேன். பொள்ளாச்சி லாடக்காரர் வந்தபோது அம்மா முதலில் சொன்னது நான் அலறியதைத்தான்.