முதுகைத் தட்டிய கை

நான் இரும்புலியூர்க்காரன். வேகப்பந்து வீசுவேன். சில வருடங்களுக்கு முன் நகரத்தில் ஒரு லீக் அணியின் தேர்வுக்குப் போனேன். நன்றாகவே வீசினேன். தேர்வாளர் சிரித்தபடி என் முதுகைத் தட்டினார். தட்டிய கை தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக ஒருமுறை தடவிப் போனது. பட்டியலில் என் பெயர் இல்லை.

“பூணூல் கீதான்னு பாக்குறாங்க மச்சான்,” என்றான் கூட வந்த நண்பன். நிஜமா, பிரமையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு யார் முதுகைத் தட்டினாலும் உடம்பு கூசும்.

வேலைக்குப் போனபின் தாம்பரத்தில் ஞாயிறுதோறும் ஆடும் அணிக்கு நானே கேப்டன். மிஸ்டு கால் கொடுத்தால் எல்லோரும் கூடிவிடுவோம். ஒருநாள் சேகர் என்று ஒருவர் புதிதாக வந்தார்.

“வீடு எங்க?” என்றேன்.

“கோவளம்ணா. மீன் புடிக்கிற குடும்பம்.”

அவர் தோள்களைப் பார்த்தேன். “வலை இழுத்த கை, சூப்பரா பந்து போடும்,” என்று புதுப் பந்தைக் கொடுத்தேன். பேட்டிங்கில் கடைசி ஆளாக இறக்கினேன்.

மூன்றாவது வாரம் அவர் பையிலிருந்து தன் சொந்த மட்டையை எடுத்தார்.

“அண்ணா, நா ஓப்பனிங் பேட்ஸ்மேன். வூட்ட கேட்டீங்க, இன்னா ஆடுவேன்னு கேக்கவே இல்லியே?”

அந்தத் தேர்வாளரை எத்தனை வருடம் சந்தேகப்பட்டிருப்பேன்! என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது புதிதாக யார் வந்தாலும் ஊரைக் கேட்பதில்லை. “பேட்டிங்கா, பௌலிங்கா?” என்று மட்டும்தான் கேட்கிறேன். நன்றாக ஆடியவரை முதுகில் தட்டுவதும் இல்லை. கையைக் குலுக்குகிறேன்.